மூடபித்ரியின் ஓவியச் சுவடிகள்

மூடபித்ரி ஓவியச் சுவடிகள் என்பவை, கர்நாடக மாநிலம் தட்சிண கன்னட மாவட்டத்தில் உள்ள மூடபித்ரி என்னும் ஊரின் சமணக் கோயிலில் பாதுகாக்கப்பட்டு வரும் பழைய ஓலைச்சுவடிகள் ஆகும். கி.பி. 12ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி எழுதப்பட்டவை இவை. திகம்பர சமணர்களின் மிக உயர்ந்த நூல்களான தவளம், ஜெயதவளம், மகாபந்தம் ஆகியவை இச்சுவடிகளில் உள்ளன. சில ஏடுகளில் தீர்த்தங்கரர், இயக்கன், இயக்கி, அடியார் ஆகியோரின் வண்ண ஓவியங்கள் தீட்டப்பட்டுள்ளன. தென்னிந்தியாவில் இன்று கிடைக்கும் ஓவியச் சுவடிகளுள் மிகப் பழைமையானவற்றுள் இவை வைத்து எண்ணப்படுகின்றன.

இச்சுவடிகளுக்கு மற்றொரு சிறப்பும் உண்டு. நோன்பு முடித்த பெண்கள், துறவிகள் படிப்பதற்காக எழுதச் செய்து கொடுத்த நூல்கள் இவை. காலப்போக்கில் படிப்பார் இன்றிப் பெட்டிக்குள் இருந்து, வழிபடும் பொருளாக மட்டுமே மாறின. பல நூற்றாண்டுகளுக்குப் பிறகு 1939ஆம் ஆண்டுதான் இவற்றின் முதற்பகுதி அச்சில் வந்தது. ஒரு நூலைக் காப்பது என்றால் என்ன, அதற்கு உரியவர் யார் என்ற கேள்விகளுக்கு இச்சுவடிகளின் வரலாறு நல்ல விடை தருகிறது.

நூலின் தோற்றம்

இச்சுவடிகளில் உள்ள மூலநூல்களுள் முதன்மையானது ஷட்கண்டாகமம். ‘ஆறு பகுதிகளை உடைய ஆகமம்’ என்பது இதன் பொருள். உயிர்கள் வினையால் எவ்வாறு கட்டுண்கின்றன, அக்கட்டிலிருந்து படிப்படியாக எவ்வாறு விடுபடுகின்றன என்பதை விரிவாகக் கூறும் நூல் இது. இது தோன்றிய கதையைத் திகம்பர மரபு பின்வருமாறு கூறுகிறது.

கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டுகளை ஒட்டி, இன்றைய குசராத்தில் உள்ள கிர்நார் மலைக் குகையில் தரசேனர் என்ற முதிய ஆசிரியர் வாழ்ந்தார். வாய்மொழியாக வந்த பழைய ஆகம அறிவு தம்மோடு மறைந்துவிடுமோ என்று அவர் கவலைப்பட்டார். தென்னாட்டுத் துறவிகளுக்குச் செய்தி அனுப்பினார். அவர்கள் ஆந்திர நாட்டிலிருந்து இரண்டு இளம் துறவிகளை அனுப்பி வைத்தனர். புட்பதந்தர், பூதபலி என்று பின்னர் பெயர் பெற்றவர்கள் அவர்களே.

தரசேனர் முதலில் அவர்களைச் சோதித்தார். இருவருக்கும் ஆளுக்கொரு மந்திரம் கொடுத்தார். ஒன்றில் ஓர் எழுத்து மிகுதியாகவும் மற்றொன்றில் ஓர் எழுத்துக் குறைவாகவும் இருந்தன. ஓதியபோது தேவதைகள் தோன்றின. ஒருத்திக்குப் பல் நீண்டிருந்தது. மற்றொருத்திக்கு ஒரு கண் இல்லை. தெய்வ உருவுக்கு இத்தகைய குறை இராது என்று உணர்ந்த மாணவர்கள், இலக்கண அறிவைக் கொண்டு மந்திரத்தைத் திருத்தி ஓதினர். தேவதைகள் முழு அழகோடு காட்சி தந்தனர். அதன் பிறகே தரசேனர் பாடத்தைத் தொடங்கினார். எழுத்து ஒன்று மிகுந்தாலும் குறைந்தாலும் பொருள் சிதையும் என்ற பாடமே இக்கதையின் உட்பொருள். இந்நூலின் பிற்கால வரலாற்றில் இக்கதை உண்மையாகவே மீண்டும் நிகழ்ந்ததைக் கீழே காணலாம்.

பாடம் முடிந்தபின் புட்பதந்தர் இன்றைய கர்நாடகத்தில் உள்ள வனவாசிக்கும், பூதபலி திரமிள நாட்டுக்கும் சென்றனர். திரமிள நாடு என்பது தமிழகம். புட்பதந்தர் 177 சூத்திரங்களை இயற்றிப் பூதபலிக்கு அனுப்பினார். எஞ்சிய பெரும்பகுதியைப் பூதபலி இயற்றி நூலை முடித்தார். ஆகவே இந்நூலின் தோற்றத்தில் தமிழகத்துக்கும் பங்கு உண்டு என்பதை மரபே ஒப்புக்கொள்கிறது.

நூல் எழுத்தில் நிறைவு பெற்ற நாளாக ஆனி மாதத்தை ஒட்டி வரும் வளர்பிறை ஐந்தாம் நாளைத் திகம்பர சமணர் கொண்டாடுகின்றனர். அதற்குச் சுருத பஞ்சமி என்று பெயர். அன்று நூல்களை வெளியே எடுத்துத் தூசி தட்டி, புதுத் துணி சுற்றி வழிபடுவது வழக்கம். சமணர் நாள்தோறும் ஓதும் ஐந்து வணக்க மந்திரம் இந்நூலின் தொடக்கத்தில் மங்கல வாழ்த்தாக அமைந்திருப்பதும் இதன் புனிதத்துக்கு ஒரு காரணம்.

உரைகள்

சூத்திரங்கள் மிகச் சுருக்கமானவை. உரை இன்றி அவற்றை விளங்கிக்கொள்ள இயலாது. ஷட்கண்டாகமத்தின் முதல் ஐந்து பகுதிகளுக்கு வீரசேனர் எழுதிய பேருரையே தவளம். ‘தவளம்’ என்றால் வெண்மை, தூய்மை என்று பொருள். இது கி.பி. 816இல் நிறைவு பெற்றது. ஆறாம் பகுதியான மகாபந்தத்தைப் பூதபலியே மிக விரிவாக எழுதிவிட்டதால் அதற்குத் தனியுரை தேவைப்படவில்லை. அதனை மகாதவளம் என்றும் அழைப்பர்.

குணதரர் என்பவர் இயற்றிய கசாயபாகுடம் என்ற மற்றொரு நூலுக்கும் வீரசேனர் உரை எழுதத் தொடங்கினார். அதன் ஒரு பகுதியை முடித்த நிலையில் அவர் மறைந்தார். அவருடைய மாணவர் ஜினசேனர் கி.பி. 837இல் அதனை முடித்தார். இதுவே ஜெயதவளம். அப்போது இராட்டிரகூட மன்னன் அமோகவர்ஷன் ஆண்டுகொண்டிருந்தான்.

தவளத்தின் அளவு 72,000 கிரந்தம் என்றும், ஜெயதவளத்தின் அளவு 60,000 கிரந்தம் என்றும் கூறுவர். கிரந்தம் என்பது 32 எழுத்துகள் கொண்ட ஓர் அளவு. அப்படியானால் தவளத்தில் மட்டும் ஏறத்தாழ 23 இலட்சம் எழுத்துகள் உள்ளன. இவற்றை ஒருவர் கையால் ஓலையில் எழுத எத்தனை நாள் ஆகியிருக்கும் என்பதை மாணவர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

உரைகளின் மொழி பிராகிருதமும் வடமொழியும் கலந்தது. முத்தும் பவளமும் கோத்ததுபோல் இரு மொழி கலந்து எழுதும் முறையைத் தமிழில் மணிப்பிரவாளம் என்கிறோம். ஜெயதவள ஆசிரியரும் தம் நடையை மணிப்பிரவாளம் என்றே குறிப்பிடுகிறார்.

ஓலையும் எழுத்தும்

தமிழ்நாட்டில் நாம் பெரும்பாலும் காணும் ஏடுகள் சாதாரணப் பனையோலையில், எழுத்தாணியால் கீறி எழுதப்பட்டவை. கீறிய பிறகு கரி அல்லது மஞ்சள் பூசித் துடைத்தால் எழுத்துத் தெளிவாகத் தெரியும். மூடபித்ரிச் சுவடிகள் அவ்வாறு எழுதப்பட்டவை அல்ல. இவை சீதாளம் எனப்படும் தாளிப்பனையின் ஓலைகள். தாளிப்பனை ஓலை அகலமானது, மெல்லியது, வளைந்து கொடுப்பது. அதன்மேல் பழைய கன்னட எழுத்தில் மையால் எழுதியுள்ளனர். கோடு வழுவாத, உருண்டு திரண்ட அழகிய எழுத்து இது.

மையால் எழுதும் முறை ஓவியத்துக்கும் வழி திறந்தது. கீறும் ஓலையில் கோட்டோவியம் வரையலாம்; வண்ணம் தீட்டுவது கடினம். மை ஏறும் ஓலையிலோ தூரிகை எளிதாக ஓடும். எழுதுபவனும் ஓவியனும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து வேலை செய்ய முடிந்தது இதனால்தான்.

ஓவியங்கள்

எல்லா ஏடுகளிலும் ஓவியம் இல்லை. தேர்ந்தெடுத்த சில ஏடுகளில் மட்டும், எழுத்துப் பத்திகளுக்கு இடையிலும் ஓரங்களிலும் சிறு கட்டங்களுக்குள் உருவங்கள் தீட்டப்பட்டுள்ளன. கயிறு கோக்கும் துளைகளைச் சுற்றியும் ஏட்டின் ஓரங்களிலும் பூவேலைப்பாடுகள் உள்ளன. ஓலையின் உயரம் மிகக் குறைவு. அந்தச் சிறிய உயரத்துக்குள் ஓர் உருவத்தை முழுமையாகக் காட்டியிருப்பதே ஓவியனின் திறமை.

நாகம் குடைபிடிக்கும் வடிவில் காட்டப்படும் பார்சுவநாதர், மகாவீரர், கல்வித் தெய்வமான சுருததேவி, மாமரத்தின் கீழ் தன் மக்களோடு அமர்ந்துள்ள அம்பிகை, ஆமை வாகனத்தில் அஜித இயக்கன், அன்ன வாகனத்தில் மகாமானசி இயக்கி ஆகிய உருவங்கள் இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. அசையாமல் தவம் செய்து கால்களில் கொடி படர்ந்து நிற்கும் பாகுபலியும், அவருடைய இரு சகோதரிகளும் ஓர் ஓவியத்தில் உள்ளனர். தமிழ்நாட்டில் அம்பிகை இயக்கியின் சிற்பங்களைச் சமண மலைக் குகைகளில் பல இடங்களில் காணலாம். அவற்றைப் பார்த்தவர்களுக்கு இவ்வோவியங்கள் அந்நியமாகத் தோன்றமாட்டா.

தெய்வ உருவங்களோடு, கைகூப்பிய அடியார்களும் தீட்டப்பட்டுள்ளனர். ஆண்களும் பெண்களும் அணிகலன்களோடும் ஆடைகளோடும் அமர்ந்திருக்கின்றனர். நூலை எழுதச் செய்து வழங்கியோரையும் அவர்தம் குடும்பத்தாரையும் இவ்வாறு காட்டியிருக்கலாம் என்று கருத இடமுண்டு.

இதே காலத்தில் குசராத், இராசத்தான் பகுதிகளில் சுவேதாம்பர சமணர்களும் கல்பசூத்திரம் முதலிய நூல்களை ஓவியங்களோடு எழுதச் செய்தனர். அங்குள்ள ஓவியங்களில் முகம் பக்கவாட்டில் இருக்கும். மறுபக்கக் கண் முகத்துக்கு வெளியே நீண்டு நிற்கும். மூடபித்ரி ஓவியங்களில் அந்த நீண்ட கண் இல்லை. உடல் வளைவும் நகைகளின் நுணுக்கமும் ஒய்சளச் சிற்பங்களை நினைவூட்டுகின்றன. பேலூர்ச் சென்னகேசவர் கோயில் கட்டப்பட்டது 1117இல். சுவடிகளும் ஏறத்தாழ அதே காலத்தவை. கலை வரலாற்று அறிஞர் சி. சிவராமமூர்த்தி இந்த ஒப்புமையை எடுத்துக் காட்டியுள்ளார். சரயு தோஷி இவ்வோவியங்களைப் பற்றித் தனிக் கட்டுரை எழுதியுள்ளார்.

தமிழ்நாட்டில் சித்தன்னவாசலில் 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமணச் சுவரோவியங்கள் உள்ளன. காஞ்சிபுரம் அருகே திருப்பருத்திக்குன்றத்தில் விசயநகரக் காலத்தையும் அதற்குப் பிந்திய காலத்தையும் சேர்ந்த ஓவியங்கள் உள்ளன. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட காலத்துத் தென்னாட்டுச் சமண ஓவியம் எவ்வாறு இருந்தது என்பதை அறிய மூடபித்ரி ஏடுகளே நமக்குச் சான்று.

கொடுத்தவர்களும் பெற்றவர்களும்

பழைய சுவடிகளின் இறுதியில் எழுதுவித்தவர், எழுதியவர், பெற்றவர் பெயர்களைக் குறிப்பது உண்டு. மூடபித்ரிச் சுவடிகளிலும் அத்தகைய குறிப்புகள் உள்ளன. தவளச் சுவடி ஒன்றை வழங்கியவர் தேமியக்கா என்ற பெண்மணி. மண்டலி நாட்டை ஆண்ட புசபல கங்க பெர்மாடி என்ற தலைவனுக்கு இவர் அத்தை முறை. சுருத பஞ்சமி நோன்பு நோற்று, அதன் நிறைவாக இச்சுவடியைப் பன்னிக்கெரே கோயிலைச் சார்ந்த சுபச்சந்திர சித்தாந்ததேவருக்கு வழங்கினார். சுவடியின் காலம் 1113ஐ ஒட்டியது என்று ஆய்வாளர்கள் கணிக்கின்றனர். ஒய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் படைத்தலைவன் கங்கராஜனுக்கும் சுபச்சந்திரரே குரு. அவர் 1123இல் மறைந்தார்.

மகாபந்தச் சுவடியை எழுதச் செய்தவரும் ஒரு பெண்மணியே. அவர் பெயர் மல்லிகாதேவி. அவரும் பஞ்சமி நோன்பின் நிறைவாகவே அதனை எழுதுவித்து மாகநந்தி முனிவருக்கு அளித்தார்.

நோன்பைக் கன்னடத்தில் நோம்பி என்பர். நோன்பு நிறைவில் தானம் செய்வது இரு நாட்டுக்கும் பொது வழக்கம். சமணர்கள் உணவு, மருந்து, அடைக்கலம், நூல் ஆகிய நான்கையும் சிறந்த தானங்களாகப் போற்றினர். இவற்றுள் நூல் தானத்தில் கன்னட நாட்டுப் பெண்கள் புகழ் பெற்றிருந்தனர். 10ஆம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த அத்திமப்பே என்ற அம்மையார், பொன்னன் என்ற கவிஞர் இயற்றிய சாந்திபுராணத்தை 1,000 படிகள் எழுதச் செய்து வழங்கினார் என்பது கன்னட இலக்கிய வரலாற்றில் நன்கு அறியப்பட்ட செய்தி.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேமியக்காவும் மல்லிகாதேவியும் இச்சுவடிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளவில்லை. கற்றறிந்த துறவிகளின் கையில் கொடுத்தனர். நூல் படிக்கப்பட வேண்டும், கற்பிக்கப்பட வேண்டும் என்பதே தானத்தின் நோக்கம். ஓவியங்களும் அந்த நோக்கத்துக்குச் சிறப்புச் செய்தவையே.

இடைக்கால ஐரோப்பாவிலும் செல்வர்கள் ஓவியம் தீட்டிய செபநூல்களை எழுதச் செய்தனர். பிரான்சு நாட்டின் பெரி கோமகனுக்காக 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லிம்பூர் சகோதரர்கள் தீட்டிய செபநூல் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அத்தகைய நூல் உரிமையாளரின் சொந்தச் செபத்துக்கு உரியது. அவருடைய செல்வத்துக்கும் அடையாளம். மூடபித்ரிச் சுவடிகளோ தொடக்கத்திலேயே பிறருக்குக் கொடுப்பதற்காக உருவானவை. இந்த வேறுபாடு கருதத்தக்கது.

மூடபித்ரியில் சுவடிகள்

மூடபித்ரி மங்களூருக்கு வடகிழக்கே ஏறத்தாழ 35 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. 18 சமணக் கோயில்கள் இருப்பதால் ‘சமணர்களின் காசி’ என்று இதனைச் சிறப்பிப்பர். சமணக் கோயிலைக் கன்னடத்தில் பசதி என்பர். 1430இல் எழுந்த ஆயிரங்கால் பசதி இவ்வூரில்தான் உள்ளது. எல்லாவற்றுக்கும் பழைமையானதாகக் கருதப்படுவது பார்சுவநாதர் எழுந்தருளியுள்ள குரு பசதி. சித்தாந்தச் சுவடிகள் அங்கு இருந்தமையால் அதற்குச் சித்தாந்த பசதி என்ற பெயரும் ஏற்பட்டது. சிரவணபெளகொளப் பகுதியிலிருந்து பாதுகாப்புக் கருதிச் சுவடிகள் இங்கு கொண்டுவரப்பட்டன என்பது மரபு.

இங்கு வந்தபின் சுவடிகளின் நிலை மாறியது. இதற்குச் சில காரணங்கள் உண்டு. 10ஆம் நூற்றாண்டில் நேமிச்சந்திரர் தவளம் முதலிய நூல்களின் சாரத்தைத் திரட்டிக் கோம்மடசாரம் என்ற நூலை இயற்றியிருந்தார். சுருக்கம் கைக்கு வந்தபின் பெருநூலைத் தேடுவோர் குறைந்தனர். இல்லறத்தார் சித்தாந்த நூல்களைப் படிக்கலாகாது என்று பிற்கால நூல்கள் சில விதித்தன. பழைய கன்னட எழுத்தையும் பிராகிருத மொழியையும் சேர்த்து அறிந்தவர்களும் அருகினர். இவற்றால் சுவடிகள் பட்டாரகர், ஊர்ப் பெரியவர்கள் ஆகியோரின் காவலில் பூட்டிய பெட்டிக்குள் தங்கின. யாத்திரை வருவோர் நவரத்தினப் படிமங்களோடு சுவடிகளையும் தரிசித்து வணங்கிச் சென்றனர். இதற்குச் சித்தாந்த தரிசனம் என்று பெயர்.

நம் வீடுகளில் சரசுவதி பூசையன்று புத்தகங்களை அடுக்கிச் சந்தனம் குங்குமம் இட்டு வணங்குகிறோம். பொதட்டூர்பேட்டை போன்ற நெசவு ஊர்களில் தறிக்கும் அன்று பொட்டு உண்டு. அன்று ஒரு நாள் புத்தகத்தைத் தொடுவதில்லை, தறியும் ஓடுவதில்லை. மறுநாள் விசயதசமியில் கட்டாயம் ஒரு பக்கமாவது படிக்க வேண்டும், சிறிதாவது நெய்ய வேண்டும் என்பது முறை. மூடபித்ரிச் சுவடிகளுக்குப் பூசை நாள் வந்தது. அதன் மறுநாள் வரப் பல நூற்றாண்டுகள் ஆயின.

படியெடுத்தல்

1883இல் மும்பையைச் சேர்ந்த சேட் மாணிக்சந்த் யாத்திரையாக மூடபித்ரிக்கு வந்தார். சுவடிகளைத் தரிசித்த அவர், ஓலைகள் நாளுக்கு நாள் நலிவதைக் கண்டு கவலை கொண்டார். சோலாப்பூரைச் சேர்ந்த சேட் ஹிராசந்த் நேம்சந்தும் இதில் ஈடுபட்டார். பல ஆண்டுகள் பேசிய பிறகு, 1896இல் படியெடுக்கும் வேலை தொடங்கியது. சிரவணபெளகொளத்தைச் சேர்ந்த பிரம்மசூரி சாத்திரியும் கசபதி உபாத்தியாயரும் அப்பணியில் அமர்த்தப்பட்டனர். சில காலத்தில் பிரம்மசூரி சாத்திரி காலமானார். கசபதி உபாத்தியாயர் தொடர்ந்து எழுதினார். மூன்று நூல்களின் படிகளும் முடிய 1922 ஆயிற்று.

படிகளும் மூடபித்ரியிலேயே இருக்க வேண்டும், வெளியே செல்லக்கூடாது என்பது காவலர்களின் நிபந்தனை. ஆனால் கசபதி உபாத்தியாயர், தம் மனைவி இலட்சுமிபாயின் துணையோடு, வீட்டில் மறைவாகக் கன்னட எழுத்தில் மற்றொரு படியும் எழுதி வந்தார். இலட்சுமிபாய் நன்கு கற்றவர். 1915இல் அப்படியை எடுத்துக்கொண்டு உபாத்தியாயர் சோலாப்பூருக்குச் சென்றார். ஒப்புதல் இல்லாமல் எழுதியதை வாங்குவது முறையன்று என்று ஹிராசந்த் மறுத்துவிட்டார். பின்னர்ச் சகாரன்பூரைச் சேர்ந்த லாலா ஜம்புபிரசாத் அதனைப் பெற்றுத் தம் ஊர்க் கோயிலில் வைத்தார். அங்கு அதனைத் தேவநாகரியில் பெயர்த்தெழுத வந்த சீதாராம் சாத்திரி, தமக்கெனவும் ஒரு படி வைத்துக்கொண்டார். அதிலிருந்து ஆரா, காரஞ்சா, சாகர் முதலிய பல ஊர்களுக்குப் படிகள் பரவின.

இது சரியா தவறா என்பது இன்றும் எளிதில் தீர்க்க முடியாத கேள்வி. நம்பி ஒப்படைத்த சுவடியை மறைவாகப் படியெடுத்தது நம்பிக்கைக்கு மாறான செயல். அதேசமயம் அந்தப் படி வெளிவராமல் இருந்திருந்தால் நூல் அச்சேற இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ தெரியாது. ஹிராசந்த் மறுத்ததற்கும் நியாயம் உண்டு. ஜம்புபிரசாத் வாங்கியதால் விளைந்த நன்மையும் கண்கூடு.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ இதே காலத்தில் நடந்த ஒன்றை இங்கு நினைவுகூரலாம். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் சைவர், நூலோ சமணக் காப்பியம். கும்பகோணத்துச் சமணர்கள் தம் வீடுகளில் தொடர்ந்து அந்நூலைப் படித்து வந்தனர். ஐயருடைய ஐயங்களைத் தீர்த்து உதவினர். நூலை வழிபட்டதோடு படிக்கவும் செய்தமையால் அங்கு மறைவுக்கே இடமில்லாமல் போயிற்று.

அச்சும் விடுபட்ட சொல்லும்

அமராவதியில் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஹீராலால் ஜெயின், வெளியே பரவியிருந்த படிகளைக் கொண்டு தவளத்தைப் பதிப்பிக்க முற்பட்டார். விதிசாவைச் சேர்ந்த சேட் இலட்சுமிசந்த் இதற்குப் பொருள் உதவினார். பூல்சந்திர சித்தாந்தசாத்திரி, பாலசந்திர சாத்திரி, ஆ.நே. உபாத்யே முதலிய அறிஞர்கள் துணை நின்றனர். முதல் தொகுதி 1939இல் இந்தி மொழிபெயர்ப்போடு வெளிவந்தது. ஏறத்தாழ 20 ஆண்டுகளில் 16 தொகுதிகள் வெளியாயின. மகாபந்தத்தைப் பாரதிய ஞானபீடம் தனியே வெளியிட்டது.

முதல் தொகுதி வெளிவந்தபின் மூடபித்ரிக் காவலர்களின் மனமும் மாறியது. மூல ஓலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்க அவர்கள் உதவினர். அப்போது ஒரு முக்கியமான செய்தி தெரியவந்தது.

உயிர் வீடுபேறு அடையும் வழியில் 14 படிகள் உண்டு என்பது சமணக் கொள்கை. ஐந்தாம் படி, இல்லறத்தில் இருந்துகொண்டு நோன்புகளை ஓரளவு கடைப்பிடிப்போருக்கு உரியது. ஆறாம் படி முதல் முழுத் துறவு ஒழுக்கம் தொடங்கும். பெண்களுக்கு உரிய படிகளைக் கூறும் முதற்பகுதியின் 93ஆம் சூத்திரத்தில், காகிதப் படிகளின்படி ஐந்தாம் படியோடு பட்டியல் முடிந்தது. ஆனால் உரையின் போக்கையும் பிற சூத்திரங்களையும் பார்த்த பதிப்பாசிரியர்கள், ‘சஞ்சத’ என்ற ஒரு சொல் அங்கு விடுபட்டிருக்க வேண்டும் என்று கருதிக் குறிப்பு எழுதினர். ‘சஞ்சத’ என்றால் முழு ஒழுக்கம் பூண்டவர் என்று பொருள். மூடபித்ரி ஓலைகளைப் பார்த்தபோது அச்சொல் அங்கு இருந்தது.

இது சிறிய செய்தி அன்று. பெண்கள் பெண் பிறவியிலேயே வீடுபேறு அடையலாம் என்பது சுவேதாம்பரர் கொள்கை. இயலாது என்பது திகம்பரர் கொள்கை. எனவே இந்த ஒரு சொல்லைப் பற்றிப் பெரும் விவாதம் எழுந்தது. சூத்திரம் உடலால் பெண்ணாக இருப்பவரைக் குறிக்கவில்லை, பெண்ணுக்குரிய உள்ளுணர்வு உடையவரைக் குறிக்கிறது என்று திகம்பர அறிஞர் பலர் விளக்கினர். ஆசாரியர் சாந்திசாகரரின் முயற்சியால் நூலைச் செப்பேடுகளில் பொறித்தபோதும் இச்சொல்லைச் சேர்ப்பதா விடுவதா என்ற வாதம் நடந்தது. பொருள் எதுவாயினும், சொல் இருந்ததா இல்லையா என்ற கேள்விக்கு விடை சொன்னது பழைய ஓலைதான். பெண்ணின் நிலையைப் பற்றிய அச்சொல், பெண்கள் எழுதச் செய்து கொடுத்த சுவடிகளின் வழியாகவே நமக்குக் கிடைத்துள்ளது என்பது எண்ணத்தக்கது.

தரசேனர் கொடுத்த குறை மந்திரத்தின் கதையை இங்கு மீண்டும் நினைக்கலாம். எழுத்துக் குறைந்ததால் தேவதைக்கு ஒரு கண் குறைந்தது. சொல் விடுபட்டதால் சூத்திரத்துக்கும் ஒரு கண் இல்லாமல் இருந்தது. மாணவர்கள் இலக்கணத்தால் திருத்தியதுபோல், பதிப்பாசிரியர்களும் முதலில் அறிவால் ஊகித்தனர். பின்னர் ஓலையால் உறுதி செய்தனர்.

கணித வரலாற்றுக்கு ஒரு பயன்

நூல் அச்சில் வந்ததால் சமயத்துக்கு அப்பாலும் பயன் விளைந்தது. இலக்னோவைச் சேர்ந்த கணித அறிஞர் அவதேஷ் நாராயண் சிங், தவளத்தில் உள்ள கணக்குகளை ஆராய்ந்தார். ஓர் எண்ணை எத்தனை முறை பாதியாக்க முடியும் என்பதை அந்நூல் ‘அர்த்தச்சேதம்’ என்கிறது. எடுத்துக்காட்டாக 32ஐ 16, 8, 4, 2, 1 என்று ஐந்து முறை பாதியாக்கலாம். எனவே 32இன் அர்த்தச்சேதம் 5. இன்று பள்ளியில் 2ஐ அடிமானமாகக் கொண்ட மடக்கை என்று படிப்பது இதனையே. மூன்றாலும் நான்காலும் வகுத்துச் செல்லும் முறைகளும் அந்நூலில் உள்ளன. ஐரோப்பாவில் நேப்பியர் மடக்கையைப் பற்றிய நூலை வெளியிட்டது 1614இல். தவளம் முடிந்தது 816இல். பெட்டிக்குள் இருந்த காலமெல்லாம் இச்செய்தி கணித வரலாற்று ஆசிரியர்களுக்குத் தெரியவில்லை.

மதிப்பீடு

மூடபித்ரிச் சுவடிகளின் வரலாற்றில் மூன்று வகையான மனிதர்களைக் காண்கிறோம். முதலாமவர், எழுதச் செய்து கொடுத்தவர்கள். இரண்டாமவர், பூட்டிக் காத்தவர்கள். மூன்றாமவர், படியெடுத்தும் பதிப்பித்தும் பரப்பியவர்கள்.

பூட்டிக் காத்தவர்களைக் குறை கூறுவது எளிது. ஆனால் நேமிச்சந்திரரின் சுருக்கம் கைக்கு வந்தபின் இப்பெருநூல்களைப் படியெடுத்தவர் மிகச் சிலரே. பிற இடங்களில் இருந்திருக்கக்கூடிய படிகள் மறைந்தன. மூடபித்ரியில் மட்டும் கறையானும் ஈரமும் தீயும் போரும் தாண்டி ஓலைகள் நிலைத்தன. வண்ண ஓவியங்களும் நிலைத்தன. அதேபோல், பரப்பியவர்களை மட்டும் புகழ்வதும் போதாது. அவர்கள் எழுதிய படிகளில் ஒரு சொல் விடுபட்டிருந்தது. அதனைத் திருத்துவதற்கு மூல ஓலையே தேவைப்பட்டது. ஓலை காக்கப்படாமல் இருந்திருந்தால் படிகள் தோன்றியிரா. படிகள் தோன்றாமல் இருந்திருந்தால் ஓலையில் என்ன இருக்கிறது என்று யாரும் தேடியிரார்.

ஆகவே இந்நூலுக்கு உரியவர் யார் என்று கேட்டால், அது இருக்கும் பசதிக்கு உரியது என்று சொல்வது ஒரு விடை. சுவடியின் இறுதிக் குறிப்பு வேறொரு விடையையும் தருகிறது. தேமியக்கா நோன்பு முடித்து இதனைக் கொடுத்தது கற்பவர் ஒருவரின் கையில். தமிழ்நாட்டிலும் மடங்களிலும் கோயில்களிலும் வீட்டுப் பரண்களிலும் இன்னும் படிக்கப்படாத ஏட்டுக்கட்டுகள் உள்ளன. அவற்றை வைத்திருப்போர் மூடபித்ரியின் வரலாற்றிலிருந்து அறியத்தக்கது இதுதான்: ஏட்டை விடாமல் காக்க வேண்டும், படிக்கத் தெரிந்தவருக்கு அதனைத் திறந்து காட்டவும் வேண்டும்.